சல்லிக் கரையில் என் இடுப்பைக் கட்டிய கயிறு

பயிற்சி முடித்து அம்புலன்சில் ஏறப்போகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

மாரடைப்பு, வீதி விபத்து, பாம்புக்கடி, பிள்ளைப்பேறு எல்லாம் உங்களுக்கு ஒழுங்காகப் படிப்பித்துவிட்டார்கள். அவற்றில் என்னைவிட உங்களுக்குத்தான் இப்போது கூடுதலாகத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. மனம் குழம்பிப்போன ஒருவர் முன்னால் போய் நிற்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். அதை நான் ஒரே மனிதரிடம் இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் பிழைவிட்டேன். பிழைவிட்டேன் என்று விளங்கவே எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. இரண்டாம் தரம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் என்னால் கதிரையில் இருந்து சொல்ல ஏலாது. எழும்பி நின்று கையைக் காலை ஆட்டித்தான் சொல்லுவேன். என் மனைவி குசினியிலிருந்தே, "சல்லிக் கதை தொடங்கியாச்சு, மேசையில இருக்கிற கோப்பையை எடுத்து வையுங்கோ" என்று சத்தம் போடுவா. இப்போது எழுதுகிறேன் என்பதால் கோப்பைக்கு ஆபத்தில்லை.

அந்த மனிதருக்கு இங்கே தவம் என்று பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயரை எழுதமாட்டேன். சல்லி என்கிற ஊரின் கடற்கரையில் கரைவலை இழுப்பவர், அப்போது நாற்பது வயதிருக்கும். கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குளத்து மீன்தான் தெரியும் என்பதால் கரைவலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தோணி ஒன்று பெரிய வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கத்துக் கயிறுகளும் கரைக்கு வந்து சேரும். கயிற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் நின்று இழுப்பார்கள். ஒவ்வொருவரின் இடுப்பிலும் ஒரு துண்டுக் கயிறு இருக்கும். அதன் நுனியை வலைக்கயிற்றில் கொளுவிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக அடிவைத்து உடம்புப் பாரத்தால் இழுக்க வேண்டும். மேட்டுக்கு வந்து சேர்ந்தவர் நுனியைக் கழற்றிக்கொண்டு, திரும்பத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிப்போய் வரிசையின் முன்னால் கொளுவுவார். இப்படி மாறி மாறி இழுத்தால் கடைசியில் மீன் நிறைந்த பை வரும். அதற்கு மடி என்று பெயர். எல்லாருடைய அடியும் ஒன்றாக விழ ஒருவர் அம்பா பாடுவார், மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். அந்த வலையில் அம்பா பாடுகிறவர் தவம்தான். அவர் குரல் எடுத்தால் நிலாவெளி வீதியில் போகிற சைக்கிள்காரனும் காலை ஊன்றிக்கொண்டு நிற்பான்.

முதல் தரம் அவருடைய வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நாலு நாளாக நித்திரை இல்லை, ஓயாத கதை, வேலிக்கு நட்ட கதியால் தடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். யாரையும் அவர் அடிக்கவில்லை. இதை நான் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். நான் போய் இறங்கியபோது சைரன் அலறிக்கொண்டிருந்தது, முற்றம் முழுக்கச் சனம், ஆளுக்கொரு கட்டளை. "கட்டித்தான் கொண்டுபோகோணும், விசர் முத்தினால் வேற வழியில்லை" என்று சொல்லி ஒருவர் வலைக்கயிற்றுத் துண்டொன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். எனக்கும் அவசரம். ஆறு பேர் அவரை நிலத்தில் அமுக்கிப் பிடித்தார்கள். கையைக் கட்டியவன் நான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சனம் மெச்சியது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அம்புலன்ஸ் கதவைச் சாத்தினேன். போகிற வழியில் தவம் சத்தம் போடவே இல்லை. என்னைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"ஐயா, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

நான் தலை நிமிராமல் படிவத்தில் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம், காலை பத்து மணி. அழைப்பு வந்தது. சல்லி, அதே பெயர். அன்றைக்கு அம்புலன்ஸ் ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு சாரதி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கதை குறைவு, ஆனால் கண் எல்லா இடத்திலும் இருக்கும். ஊருக்குள் திரும்புகிற இடத்திலேயே அவர் சைரனை நிறுத்திவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே நிறுத்தினார்.

தவத்தின் அக்கா வீதியில் நின்று வண்டியை மறித்தார். யன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னார்.

"ஐயா, போன முறை நீங்கள் கட்டிக்கொண்டு போனதுக்குப் பிறகு ஊர்ச் சின்னனுகள் இவனைக் கட்டுத்தவம் எண்டு கூப்பிடுதுகள். அந்த வெக்கத்தில கிளினிக்குக்குப் போகமாட்டன் எண்டிட்டான். அங்க தந்த குளிசையையும் குடிக்காமல் விட்டிட்டான். இண்டைக்கும் கட்டினீங்களெண்டால் இவன் இனிச் செத்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டான். என்ர தம்பியைக் கட்டாமல் கொண்டுபோங்கோ. உங்களைக் கும்பிட்டன், கட்டாதேங்கோ."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. "இப்ப எங்க நிக்கிறார்?" என்று கேட்டேன்.

"வலையில. விடியத் தொட்டு இழுக்கிறான். ஆர் விடச் சொன்னாலும் கயித்தை விடுறானில்லை. தண்ணியும் குடிக்கேல்லை. கடலுக்குள்ள மணி அடிக்குதாம், தன்னைக் கூப்பிடுதாம். மடி கரைக்கு வந்ததும் வலை வந்த வழியால தான் நடந்து போறானாம்."

கேட்டுக்கொண்டீர்களா? மடி வரும்வரைதான் எங்களுக்கு நேரம். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி கடற்கரையில் எங்களை எதிர்கொண்டார். நரைத்த மீசை, பதற்றத்தில் சாரத்தை மடித்து மடித்துக் கட்டினார். "பாதி வலை வந்திட்டுது. இவன் பாடுற வேகத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் காணும். இப்ப இவனைப் பிடிச்சு இழுத்தீங்களெண்டால் மற்றவையும் விட்டிடுவினம், வலையும் போகும், இவனும் தண்ணிக்குள்ள பாய்வான்" என்றார்.

தவம் கயிற்றில் நின்றார். மேலில் சேட் இல்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்து இரத்தம் கயிற்றில் பிசுபிசுத்தது. அம்பா பாட்டா அது? ஓட்டப்பந்தயம்! ஒரு அடி முடியமுதல் அடுத்த அடி. இழுக்கிறவர்கள் நாக்குத் தள்ளி நின்றார்கள். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது.

"ஆ! கட்டுறவர் வந்திட்டார்! எங்க கயிறு? கொண்டந்தனியோ?"

பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் பாடத் தொடங்கினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் என் மனம் பழைய வழிக்குத்தான் ஓடியது. நாலு பலசாலிகளைப் பொறுக்கு, பின்னால் போ, ஒரே பிடி, முடிந்தது. பயந்த மனிதனுக்கு எப்போதும் தெரிந்த பிழைதான் முதலில் கைக்கு வரும். நான் ஆட்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கும்போது சாரதி என் முழங்கையைத் தட்டினார். மற்றப் பக்கத்துக் கயிற்றைக் காட்டினார். அங்கே ஹோட்டலில் இருந்து வந்த வெள்ளைக்காரர் இரண்டு பேர், வெயிலில் அவித்த இறாலாகச் சிவந்து, சிரித்துச் சிரித்து வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் அது வழமை. வந்தவன் போனவன் யாரும் கயிற்றில் கைவைக்கலாம்.

"அண்ணன், அவனுகளுக்கிட்ட ஏன் வந்தாய் எண்டு ஆராச்சும் கேக்காங்களா? கயித்தப் புடிச்சவனெல்லாம் வலக்காரன்தான். நீங்களும் போய்ப் புடிங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நேரான யோசனை! நான் அந்த மனிதனைக் கயிற்றிலிருந்து பிரிக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். சாரதி என்னைக் கயிற்றுக்கு அனுப்புகிறார்.

ஆனால் தம்பிமாரே, துள்ளிக்கொண்டு ஓடிவிடவில்லை. மூன்று காரியம் செய்தேன். தோணியில் இரண்டு பேரை ஏற்றி, அலை உடைகிற இடத்துக்கு அங்கால் நிற்கச் சொன்னேன். துணி வெட்டுகிற கத்தரிக்கோலைப் பொக்கற்றில் போட்டேன். சம்மாட்டியிடம், "அவரை மெதுவாப் பாடச் சொல்ல வேண்டாம். நீங்கள் ஏற்றுப் பாடேக்க ஒவ்வொரு தரமும் கொஞ்சம் இழுத்துப் பாடுங்கோ. எல்லாரும் சேர்ந்து பாட்டை நீட்டினால் அவர் பொறுக்கத்தான் வேணும்" என்றேன். பிறகு சப்பாத்தைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுப் போய்த் தவத்துக்குப் பக்கத்தில், கைக்கு எட்டாத தூரத்தில், கயிற்றைப் பிடித்தேன். அவர் கடலைப் பார்த்தார், நானும் கடலைப் பார்த்தேன். முகத்துக்கு நேரே போய் நிற்கவில்லை. இதை நீங்கள் மறக்கக் கூடாது. முகத்துக்கு நேரே நிற்கிறவன் ஒன்றில் நியாயம் கேட்க வருகிறான், இல்லாவிட்டால் பிடிக்க வருகிறான்.

கயிறு பாரமென்றால் அப்படி ஒரு பாரம்! இருபது அடி வைத்ததும் என் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. ஏற்றுப் பாடியவர்கள் சொன்னபடியே இழுத்துப் பாடினார்கள். தவம் இரண்டு தரம் எரிந்து விழுந்தார், மூன்றாம் தரம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அவர் ஒரு முழு மூச்சு எடுத்ததை என் கண்ணால் கண்டேன். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம், ஆனால் முகத்தில் காட்டவில்லை.

அப்போது அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நான் உனக்கு என்ன செய்தனான்?"

இரண்டு வருடத்துக்கு முந்திய கேள்வி. இந்த முறை என் கையில் படிவம் இல்லை.

"ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை. நான் அவசரப்பட்டனான், பயந்தனான். உங்களைக் கட்டினது என்ர பிழை, தவம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் நின்றார். கயிறு மற்றவர்கள் கையில் இழுபட்டது. தன் தோளில் கிடந்த ஒரு துண்டுக் கயிற்றை எடுத்தார்.

"அப்ப இண்டைக்கு நான் உன்னைக் கட்டுறன்."

என் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று, இழுத்து ஒரு முடிச்சு. மற்ற நுனியை வலைக்கயிற்றில் கொளுவுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைத் தன் இடுப்புக் கயிற்றில் முடிந்தார். "இனி நான் போற இடமெல்லாம் நீயும் வா" என்றார். மேட்டில் நின்ற சாரதி எங்களை நோக்கி இறங்க அடியெடுத்தார். நான் கையைக் காட்டி அவரை நிற்கச் சொன்னேன். ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று கேட்பீர்கள். தோணி இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, அவர் கை என்னை அடிக்க எழவில்லை. அவற்றைவிட, என் கையால் அவருக்கு நடந்தது இப்போது எனக்கு நடக்கிறது, அதைத் தட்டிவிட எனக்கு முகம் இல்லை. நீங்கள் இதைச் செய்யவே வேண்டாம். செய்தால் உங்கள் மேலதிகாரிக்கு நான்தான் முதல் ஆளாக எழுதிப் போடுவேன்.

இந்த நேரம் பார்த்து வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம். யாரோ பொலிசுக்கும் போன் அடித்திருக்கிறார்கள். இரண்டு கொன்ஸ்டபிள்மார் இறங்கி மணலில் நடந்து வந்தார்கள். தவத்தின் கழுத்து நரம்பு விறைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாரதி ஓடவில்லை, விறுக்கென்று நடந்துபோய் அவர்களைப் பாதியில் நிறுத்திச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். சப்பாத்தையும் கழற்றினார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு போய் வெள்ளைக்காரருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார்! மற்றவர், போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பொடியன்களிடம் போய்ப் போன்களைப் பொக்கற்றில் வைக்கச் சொன்னார். என்ன சொன்னீர் என்று பிறகு சாரதியிடம் கேட்டேன். "வல இழுக்க ஆள் காணாது, ஒரு கை குடுங்க எண்டன்" என்றார். அந்த மனிதருக்கு நான் ஒரு மாலை போட்டிருக்க வேண்டும்.

இரண்டு சுற்று மேட்டுக்கும் தண்ணீருக்குமாகப் போய் வந்தோம், நானும் அவரும் ஒரு கயிற்றில். வலையின் மிதவைகள் நன்றாகக் கிட்ட வந்துவிட்டன. மூன்றாம் சுற்றில் தண்ணீர் ஓரத்துக்கு வந்தபோது தவம் நிற்கவில்லை. வலைக்கயிற்றைக் கையால் பிடித்தபடி உள்ளே நடந்தார். முழங்கால். இடுப்பு. இரண்டடி பின்னால் நானும் இழுபட்டுப் போனேன். ஒரு அலை வந்து வாய் நிறைய உப்பை அள்ளிப் போட்டது. கரையில் அக்கா குழறுவது கேட்டது. தோணிக்காரர்கள் எழும்பினார்கள்.

"மணி கேக்குதோ?" என்றார் தவம். கண் எங்கோ தூரத்தில்.

"எனக்குக் கேக்கேல்லை. உங்களுக்குக் கேக்குதெண்டு விளங்குது."

"கிட்டத்தான். வா."

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. என் கை தானாகப் பொக்கற்றுக்குப் போய்க் கத்தரிக்கோலைத் தொட்டது. வெட்டினால் நான் தப்புவேன், அவர் போய்விடுவார். தோணியைக் கூப்பிட்டால் நாலு கை அவரை அமுக்கும், அதோடு அவர் அக்கா கேட்டதும் தண்ணீரில் போகும். புத்தகத்தில் படித்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது ஒரு உண்மை மட்டும்தான்.

"தவம், எனக்கு நீந்தத் தெரியாது."

அவர் திரும்பினார். அன்றைக்கு முதல் முறையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"என்ன?"

"நீந்தத் தெரியாது. உண்மையா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"நீங்கள் எந்த ஊர்?"

நீ என்று கதைத்தவர் நீங்கள் என்கிறார்!

"டவுண்தான். வீட்டு யன்னலைத் திறந்தால் துறைமுகம்."

"யன்னலைத் திறந்தால் துறைமுகம், நீந்தத் தெரியாது?"

"தெரியாது."

சிரித்தார் பாருங்கள்! தலையைப் பின்னால் எறிந்து, பல்லெல்லாம் தெரிய. அந்தச் சிரிப்பின் நடுவில் பெரிய அலையொன்று எழும்பியது. தவம் என் சேட்டின் கழுத்தை எட்டிப் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அலை எங்களைத் தாண்டிப் போனது.

"இதுக்கு அங்கால பள்ளம். ஒரு அடி வையாதேங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்."

"மணி?" என்றேன் இருமிக்கொண்டு.

"அது அடிக்கட்டும். முதல்ல உங்களைக் கரையில விடோணும்."

கரையைப் பார்த்து என்னைத் திருப்பினார். ஒரு கை என் கழுத்தில், மறு கை வலைக்கயிற்றில். கடலுக்குள் நின்றபடியே குரலெடுத்தார். துறைமுகத்து ஐயாவுக்கு நீச்சல் தெரியாதாம் என்று ஒரு அடியை அந்த இடத்திலேயே கட்டி, அம்பா மெட்டில் எறிந்தார். இரண்டு கயிற்றிலும் நின்றவர்கள் சிரித்துக் குலுங்கி ஏற்றுப் பாடினார்கள். சிரிக்கிறவனால் வேகமாகப் பாட ஏலுமா? பாட்டு தன்னால் ஆறுதலாகியது. வெள்ளைக்காரருக்கு ஒரு இழவும் விளங்கவில்லை, அவர்களும் சிரித்தார்கள். என்னை முப்பது பேர் பாட்டில் வைத்து நையாண்டி பண்ண, சேட் நனைந்து, மூக்கால் தண்ணீர் ஒழுக, என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் வேறொரு நாளும் நடந்ததில்லை.

மடி வந்தது. கீரி மீனும் சூடையும் பாரைக்குட்டியும் வெள்ளியாகத் துள்ள, எல்லாரும் கத்திக்கொண்டு மடியிடம் ஓடினார்கள். நானும் ஒரு கணம் மீனைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். அது அன்றைய என் பிழை, குறித்துக்கொள்ளுங்கள். மடி வந்ததும் போவேன் என்று சொன்ன மனிதர் என் இடுப்பில் கட்டப்பட்டிருக்க, நான் பாரைக்குட்டி பார்க்கிறேன்! இடுப்பில் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. பதறிப்போய்த் திரும்பினேன்.

தவம் மணலில் முழங்காலில் இருந்து என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. உரிந்த விரல்களால் நெம்பினார். நான் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம். அண்டைக்கு என்ர கட்டை ஆஸ்பத்திரியில வெட்டித்தான் எடுத்தவை. கட்டினவன் அவிட்டுவிடோணும்."

பல்லால் கடித்து இழுத்தார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது, நான் அசையாமல் நின்றேன். கடைசியில் கயிறு தளர்ந்து என் காலடியில் விழுந்தது. அவர் எழும்பி மூச்சு வாங்கினார். கடலைப் பார்த்தார். பிறகு வீதியில் நின்ற அம்புலன்சைப் பார்த்தார்.

"ஆரும் பிடிக்கக் கூடாது."

"ஒருத்தரும் பிடிக்கமாட்டினம். நான் பக்கத்தில நடப்பன், அவ்வளவுதான்."

அக்கா ஒரு போத்தல் தண்ணீரும் சேட்டும் கொண்டுவந்து தந்தார். தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சேட்டைப் போட்டுக்கொண்டார். மணலில் நடந்தோம். சனம் விலகி வழிவிட்டது. சம்மாட்டி மடியிலிருந்து நிமிர்ந்து, "தவம், சுகமாக்கிக்கொண்டு வா. உன்ர இடம் அப்பிடியே கிடக்கும், வேற ஆரும் பாடமாட்டினம்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அந்த இடத்தில் எந்த மருந்தும் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வராது. வைத்தியத்தைப் பற்றி எனக்கு மரியாதை இல்லை என்று நினைக்க வேண்டாம். அவருக்கு மருந்து வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும். மணி அப்போதும் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மருந்து இருக்கிற இடம்வரை ஒரு மனிதனை மனிதனாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு மேலே நானும் சாரதியும் ஒன்றும் செய்துவிடவில்லை.

அம்புலன்சுக்குள் ஏறியதும் ஸ்ட்ரெச்சரின் பெல்ற்றுகளைக் கண்டு காலை எடுத்து வைக்காமல் நின்றுவிட்டார். பெல்ற் இல்லாமல் வண்டி எடுக்க முடியாது, அது விதி, சரியான விதியும்கூட. நான் பக்கத்துக் கதிரையைக் காட்டி, "இதில இருங்கோ. பெல்ற்றை நீங்களே போடுங்கோ. இஞ்ச அமத்தினால் கழரும், பாருங்கோ" என்று சொல்லிக் காட்டினேன். அவர் போட்டார். கழற்றிப் பார்த்தார். திரும்பப் போட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட பெல்ற்றைப் போடுங்கோ ஐயா. சாரதி வேகமா ஓடுவார்."

சாரதி முன்னாலிருந்து சிரித்தார். அவர் அன்றைக்கு மாட்டு வண்டில் வேகத்தில்தான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் தாதி ஒருவர் தள்ளுவண்டியோடு ஓடிவந்தார், பின்னால் இரண்டு சிற்றூழியர்கள். குழப்பமான ஆள் வருகிறார் என்று அவர்களுக்குச் செய்தி போயிருந்தது. கதவு திறந்தது. முதலில் நான் இறங்கினேன். காலில் சப்பாத்து இல்லை, அது சல்லி மணலிலேயே கிடந்தது. தலைமயிரில் மணல், கை இரண்டும் உரிந்து இரத்தம், சேட் கழுத்தடியில் கிழிந்திருந்தது. எனக்குப் பின்னால் தவம், போட்ட சேட்டின் பொத்தான்களைச் சரிபார்த்தபடி, பெல்ற்றைத் தானே கழற்றிவிட்டு இறங்கினார். தாதி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்துத் தள்ளுவண்டியை என் பக்கம் திருப்பினார்.

"ஆர் நோயாளி?"

நான் வாயைத் திறக்கமுதல் தவம் கையை உயர்த்தினார்.

"நான்தான், சிஸ்டர். இவர் என்னோட வந்தவர்."